முதலாளி இருக்கிறாரோ?

உங்களுக்கெல்லாம் வேறு வேலை இல்லையா, பிள்ளைகள்? கடை திறந்து இன்னும் ஒரு மாரி மழை பார்க்கவில்லை. தகரப் பலகையில் பூசிய பச்சைப் பெயின்ற் கையில் ஒட்டுகிறது. பருப்புச் சாக்குக்குள் எலி போகாமல் தடுப்பது எப்படி என்று கேட்டு வந்திருந்தால் இந்த முழங்காலோடும் எழும்பி நின்று சொல்லியிருப்பேன். அதை விட்டுவிட்டு ஒரு சொல்லுக்குச் சாதகம் கேட்டு வந்திருக்கிறீர்கள்.

"ஆச்சி, முதலாளி எண்ட சொல்லு எங்கயிருந்து வந்தது?" என்கிறாள் ஜெனி. எங்கேயிருந்து வந்தால் உனக்கென்னடி? அது உன் கடைக்கு வந்து சீனி கேட்கப் போகிறதா?

ஜெனி ஏன் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். நேற்று பிஸ்கட் வான்காரன் அவள் கடை வாசலில் நின்று, அவளையே பார்த்து, "முதலாளி இல்லையோ தங்கச்சி?" என்று கேட்டிருக்கிறான். தலைக்கு மேலே பலகையில் அவளுடைய பெயர். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுகை வருகிற கேள்விதான். அதனால் சொல்கிறேன். இருங்கள். அந்தக் கதிரையில் இருக்காதே, அதற்கு மூன்று கால்தான் நல்லது.

நான் பள்ளிக்கூடம் போனது குறைவு. போன நாட்களிலும் பள்ளிக்கூடம் என்னைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அதனால் எனக்குத் தெரிந்தது கடைத் தமிழ். தொழிலில் போடுவது முதல். அதை வைத்து ஆள்கிறவர் முதலாளி. சொல் அவ்வளவுதான். எங்கள் கரையில் வலையும் வள்ளமும் வைத்திருக்கிறவரைச் சம்மாட்டி என்போம். தெருவில் கடை வைத்திருக்கிறவர் முதலாளி. சிங்களவர்களும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். சிலாபத்திலிருந்து ஐஸ் லொறி கொண்டு வருகிற சாரதிக்கு ஒரு வரி தமிழ் வராது. ஆனால் கடை வாசலில் நின்று "முதலாளி" என்று கூப்பிடுவார். அது தன்னுடைய சொல் என்று அவர் நினைத்திருந்தார். என்னுடையது என்று நான் நினைத்திருந்தேன். எங்களுக்குள் சண்டை வரவில்லை. ஏனென்றால் அவரும் என்னைத் தாண்டித்தான் உள்ளே எட்டிப் பார்ப்பார்.

ஆனால் ஆளி என்று முடிகிறவர்களையெல்லாம் நம்பிவிடாதீர்கள். நோயாளி நோயை ஆள்கிறாரா? நோய்தான் அவரைக் கட்டிலில் போட்டு ஆள்கிறது. முதலாளி பாடும் பாதி நாள் அப்படித்தான். இது தெரிந்துதான் கடை திறந்தீர்களா என்று நான் கேட்கப் போவதில்லை. திறந்துவிட்டீர்கள்.

தோட்டவெளிச் சந்தியில் இருந்த கடைக்கு என் மனிசன்தான் முதலாளி. நல்ல மனிசன். ஒரு கிலோ அரிசி நிறுக்கிற நேரத்தில் மூன்று ஊர்க் கதை சொல்லுவார். விடியக் கருக்கலில் கடலுக்குப் போகிறவர்கள் முதலில் எங்கள் கடைக்கு வருவார்கள். வெற்றிலை, பீடி, நெருப்புப்பெட்டி, முந்தின நாள் சுட்ட பாணில் ஒரு இறாத்தல். அவர் கையால் முதல் சாமான் வாங்கினால் வலை நிறையும் என்று ஒரு பேச்சு இருந்தது. அவருக்கு அதில் பெருமை. அந்த நேரம் நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பேன். கைராசி அவருக்கு, கைச்சூடு எனக்கு.

அவர் கண்ணை மூடி, முப்பத்தோராம் நாளும் முடிந்து, பூசையும் கொடுத்து, ஒரு விடியலில் நான் பலகைக் கதவைத் திறந்தேன். விளக்கைப் போட்டேன். வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்தேன். யாரும் வரவில்லை.

சந்திக்கு அப்பால் ஒரு மதகு இருக்கிறது. அதில் ஆட்கள் இருப்பது தெரிந்தது. பீடி நெருப்பு தெரிந்தது. அவர்கள் இருமுவது கேட்டது. எந்த இருமல் யாருடையது என்று சொல்லும் அளவுக்கு அந்தத் தெருவை எனக்குத் தெரியும். ஒருவரும் எழும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் முதல் பஸ்ஸுக்குப் போகிற ரீச்சர் வந்து தலையிடிக் குளிசை வாங்கினார். அவர் காசைக் கொடுத்ததுதான் தாமதம், மதகிலிருந்து அத்தனை பேரும் எழும்பி வந்தார்கள். அப்போதுதான் வீட்டிலிருந்து வருகிறவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "என்ன அக்கா, சுகமோ?" என்று கேட்டார்கள்.

விளங்கிவிட்டது. கைம்பெண் கையால் நாளின் முதல் சாமானை வாங்கிக்கொண்டு கடலில் இறங்கமாட்டார்கள். இரண்டாவது சாமானில் ஒரு குற்றமும் இல்லை. நாங்கள் வேதக்காரர், இதெல்லாம் நம்பக்கூடாது என்று சுவாமியார் பிரசங்கத்தில் சொல்வார். பிரசங்கம் ஞாயிற்றுக்கிழமை. கடலுக்குப் போவது மற்ற நாட்களில்.

ரீச்சருக்குத் தலையிடி வராத நாட்களில் அவர்கள் வெற்றிலை இல்லாமலே போனார்கள். நான் விளக்குக்குக் கீழே நின்று அவர்கள் முதுகைப் பார்த்தேன்.

என் மனிசனின் தம்பி பீற்றர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். ஒருநாள் வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான்.

"மச்சாள், கடைக்கு ஒரு முதலாளி வேணும்."

"ஏன், நான் நிக்கிறது உனக்குத் தெரியேல்லையோ? விளக்கைக் கிட்டப் பிடிக்கட்டோ?"

"பகிடி விடாதேங்கோ. சனம் வருகுதில்லை. நான் முன்னுக்கு இருக்கிறன். நீங்கள் வீட்டோட இருங்கோ. உங்களுக்கு ஒரு குறையும் விடமாட்டன்."

"வீட்டோட இருந்து என்ன செய்யிறது?"

"சும்மா இருங்கோவன்."

சும்மா இருப்பது என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியாது. மகன் பிரான்சில். போன் எடுப்பான், "சாப்பிட்டியளோ அம்மா?" என்று கேட்பான், பின்னால் அவனுடைய பிள்ளைகள் எனக்கு விளங்காத பாஷையில் சத்தம் போடும், வைத்துவிடுவான். அந்தப் பலகைக் கதவு திறக்காவிட்டால் ஒரு நாள் முழுக்க என்னோடு பேச வருகிறவர்கள் யார்? காகம் வரும். அதுவும் மீன் தலை இருந்தால்தான். கடை என் கையை விட்டுப் போனால் எனக்கு மிச்சம் ஒரு பின்னறை. நான் பயந்தது சோற்றுக்கு இல்லை.

ஆனாலும் பீற்றர் சொல்வது சரி என்றே பட்டது. மன்னார் ரவுணுக்குப் போனேன். எங்களுக்கு அரிசி, பருப்பு, சீனியெல்லாம் உப்புக்குளத்தில் ஒரு நானாவின் மொத்தக் கடையிலிருந்துதான் வரும். பழைய ஆள். முஸ்லிம் சனத்தை மன்னாரை விட்டுத் துரத்திய காலத்தில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஒரு பையோடு ஊரை விட்டுப் போக வேண்டி வந்த மனிசன். பிறகு வந்து அதே தெருவில் திரும்பவும் கடை திறந்தவர். முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. இனிமேல் சாமான் என் பெயருக்கு வேண்டாம், பீற்றரின் பெயருக்குப் போடுங்கோ என்று சொல்லத்தான் போனேன்.

அவர் மிளகாய்ச் சாக்கைத் தைத்துக்கொண்டே கேட்டார். "ஏன், நீ எங்க போறாய்?"

"நான் எங்கயும் போகேல்லை நானா. கடைக்கு ஒரு முதலாளி வேணுமாம்."

"அவன் முதலாளி எண்டு ஆர் சொன்னது?"

"அவன்ர அண்ணன் போட்ட முதல்தானே."

ஊசியைச் சாக்கில் குத்தி வைத்துவிட்டு அப்போதுதான் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நானும் நிறைய முதல் போட்டிருந்தனான். போகேக்க அரிசி மூட்டையைத் தோளில வச்சுக்கொண்டு போகேலுமோ? எல்லாம் போச்சு. திரும்பி வரேக்க கடைக்குக் கூரையும் இல்லை. ஒரு தராசை வச்சுக்கொண்டு இந்த வாசலில நிண்டனான். தெருவால போன ஒருத்தர் நிண்டு, 'முதலாளி, எப்ப திறக்கிறியள்?' எண்டு கேட்டார். அப்ப என்னட்ட என்ன முதல் இருந்தது? சொல்லு பாப்பம்."

நான் தராசைப் பார்த்தேன்.

"போட்டது போகும். போன பிறகும் வாசலில நிக்கிறவரைத்தான் அப்பிடிச் சொல்லுறது. நிக்கேலாதெண்டால் சொல்லு, பேரை மாத்திவிடுறன். எனக்கு மிளகாய் விக்க வேணும்."

இதுதான் நான் அந்தச் சொல்லைப் பற்றிப் படித்த படிப்பு. ஆறுதலாக ஒரு சொல்லாவது சொல்வார் என்று பார்த்தேன். மிளகாய்த் தூசியில் தும்மல்தான் வந்தது. பெயரை மாற்றாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

இனிச் சூசையின் கதை. இதைக் கவனமாகக் கேளுங்கள். கடையில் சாமான் இல்லாமல் போவது பெரிய கஷ்டம் இல்லை. இப்படி ஒரு நாள் வருவதுதான் கஷ்டம்.

சூசை எங்கள் தெருவில் ஒரு பைபர் வள்ளம் வைத்திருந்தவன். அவசரக்காரன். தன் கலியாணத்துக்கே சுவாமியார் வருமுன் கோயிலுக்கு வந்து நின்றவன். ஒரு சோளகக் காற்றுக் காலம். விடிய மதகில் எல்லாரும் ரீச்சருக்காகக் காத்திருக்க, இவன் மட்டும் எழும்பி நேரே கடைக்கு வந்தான்.

"அக்கா, வெத்திலையும் ஒரு நெருப்புப்பெட்டியும்."

"சூசை, அங்க இருக்கிறவை உனக்கு ஒண்டும் சொல்லித் தரேல்லையோ?"

"ரீச்சருக்குத் தலையிடி வருமட்டும் கடல் எனக்காகக் காத்துக்கொண்டிருக்குமோ? தாங்கோ அக்கா."

கொடுத்தேன். வெற்றிலையைப் பொட்டலமாகச் சுற்றும்போது இரண்டு இலை கூட வைத்தேன். சந்தோஷத்தில்தான். மத்தியானம் வரும்வரை நான் கடையில் பாடிக்கொண்டே இருந்தேன்.

மத்தியானம் மற்ற வள்ளங்கள் வந்தன. சூசையின் வள்ளம் வரவில்லை. காற்று எழும்பியிருந்தது. கரையில் பெண்கள் கூடத் தொடங்கினார்கள். தெருவால் போனவர்கள் கடைப் பக்கம் பார்க்காமல் எதிர்ப்பக்க ஓரமாகப் போனார்கள். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

கேட்க வந்தது சூசையின் பெண்சாதி றீற்றாதான். வாசற்படிக்குக் கீழே நின்றாள்.

"அக்கா, அவர் விடிய உங்களிட்ட வந்தவரோ?"

"வந்தவன்."

"அவருக்கு முதல் ஆரும் வந்தவையோ?"

பிள்ளைகள், இந்த இடத்தில் ஒரு பொய் என் நாக்கின் நுனியில் இருந்தது. ரீச்சர் வந்தவர் என்று சொன்னால் போதும். றீற்றாவுக்கும் கொஞ்சம் மூச்சு வரும், எனக்கும் வரும். கடையில் நிற்கிறவளுக்குப் பொய் ஒன்றும் புதிதில்லை. நேற்று வந்த கருவாட்டை இன்று வந்தது என்று சொல்லாத முதலாளி இந்தத் தீவில் இல்லை. ஆனால் இந்தப் பொய் வேறு. அதைச் சொன்னால், என் கை கெட்ட கை என்று நானே ஒப்புக்கொண்டு ஒளித்தது போலாகிவிடும்.

"ஒருத்தரும் வரேல்லை. அவன்தான் முதல்" என்றேன்.

அவள் படியில் அப்படியே இருந்துவிட்டாள். நான் தண்ணீர் கொடுத்தேன். பக்கத்தில் வைத்தாள், குடிக்கவில்லை.

அப்போது பீற்றர் ஒரு ஆமைப்பூட்டோடு வந்தான். புதுப் பூட்டு. எங்கள் கடையில் பூட்டு விற்பதில்லை, ரவுணில் வாங்கி வைத்திருந்திருக்கிறான்.

"மச்சாள், பூட்டுங்கோ."

"ஏன், கள்ளர் வாறாங்களோ?"

"சனம் கதைக்குது. அவன் வராட்டி பேந்து உங்களை ஆரும் இந்த வாசலில நிக்க விடாயினம். மரியாதையா இப்பவே பூட்டுவம். நாளைக்கு நான் திறக்கிறன்."

அவன் மெதுவாகத்தான் சொன்னான். எனக்கு நன்மை செய்கிறான் என்று நம்பித்தான் சொன்னான். கரையில் இருந்து வந்த பெண்கள் கொஞ்சப் பேர் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூசை திரும்பி வருவானா என்று எனக்கும் தெரியாது. பலகைக் கதவு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. மூடுவது பெரிய வேலை இல்லை. ஆனால் மூடினால், அவன் வந்தாலும் வராவிட்டாலும், அதைப் பிறகு நான் திறக்கப் போவதில்லை. இது மட்டும் எனக்கு விளங்கியது.

"பீற்றர், பின்னேரம் அந்தோனியார் கோயிலில இவையெல்லாம் சூசைக்காக மெழுகுதிரி கொளுத்தப் போகினம்" என்றேன். "பூட்டினால் மெழுகுதிரி ஆர் குடுக்கிறது? ரவுணுக்குப் போய் வரேக்க இருட்டிப் போகும். உன்னட்ட இருக்கிறது பூட்டு மட்டும்தானே. அதைக் கொளுத்தேலுமோ?"

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. மெழுகுதிரிப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்துவிட்டுச் சும்மா நின்றேன். தெருவில் நின்ற பெண்கள் என் கையைப் பார்த்தார்கள். நானும் என் கையைப் பார்த்தேன். சவர்க்கார வாசம் அடிக்கிற சாதாரணக் கைதான்.

றீற்றா படியில் இருந்து எழும்பினாள். "எனக்குத் தாங்கோ அக்கா" என்றாள். பெட்டியிலிருந்து அவளே எடுக்கவில்லை. நான் எடுத்துக் கொடுக்கும்வரை கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கொடுத்தேன். பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து வாங்கினார்கள். பீற்றர் பூட்டைச் சாரத்து மடியில் செருகிக்கொண்டு கரைப் பக்கம் போனான்.

பொழுது படுவதற்கு முன் சூசை வந்து சேர்ந்தான். என்ஜின் நின்றுபோய்க் காற்றோடு இழுபட்டவனைத் தலைமன்னார்ப் பக்கத்து வள்ளம் ஒன்று கயிறு கட்டி இழுத்து வந்தது. றீற்றா அவனைக் கட்டிப்பிடித்து, பிறகு நல்லாக இரண்டு அடியும் கொடுத்தாளாம். நான் போய்ப் பார்க்கவில்லை. கடையில் ஆள் இல்லையே.

கதை இத்தோடு முடிந்தால் நல்லது என்று உங்கள் முகம் சொல்கிறது. மறுநாள் விடிய எல்லாரும் வந்து, "அக்கா, உங்கட கை நல்ல கை" என்று சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் வெற்றிலைக்கு இரண்டு தரம் தண்ணீர் தெளித்தேன்.

மதகில் எல்லாரும் இருந்தார்கள். சூசையும் இருந்தான். தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அவனில் எனக்குக் கோபம் இல்லை. பெண்சாதி அழுது சத்தியம் வாங்கியிருப்பாள். என் கையால் மெழுகுதிரி வாங்கியவள்தான். கோயிலுக்கு ஒரு கணக்கு, கடலுக்கு வேறு கணக்கு. மனிசர் அப்படித்தான். ஆனால் அந்த விடியலில் அந்த விளக்குக்குக் கீழே நான் நின்ற மாதிரி நீங்கள் ஒருநாளும் நிற்க வேண்டாம். மனிசன் செத்த அன்றுகூட வீடு நிறையச் சனம் இருந்தது.

ரீச்சர் வரவில்லை. பள்ளிக்கூட விடுமுறை. அவர்கள் எழும்பிக் கடல் பக்கம் திரும்புகிற நேரம். அப்போது எனக்குள் என்ன புகுந்ததோ தெரியாது. பின் கதவால் இறங்கினேன். கடைப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு, வேலியோரமாகச் சுற்றி, தெருவால் நடந்து, என் கடை வாசலுக்கு நானே வந்து நின்றேன். மதகுக்குக் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டேன்.

"முதலாளி இருக்கிறாரோ?"

ஓடிச் சுற்றி உள்ளே போய் மேசைக்குப் பின்னால் நின்றேன். "ஓம், வாங்கோ. என்ன வேணும்?"

திரும்ப வெளியே வந்தேன். "ஒரு நெருப்புப்பெட்டி தாங்கோ. நனைஞ்சதைத் தராதேங்கோ, நான் ஆர் எண்டு தெரியும்தானே."

உள்ளே போனேன். "எங்கட கடையில நனைஞ்ச சாமான் இல்லை. விருப்பமெண்டால் வாங்குங்கோ, இல்லாட்டி அங்கால போங்கோ."

வெளியே வந்து காசை வைத்து, பெட்டியை எடுத்து, தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக் காட்டினேன். மூச்சு வாங்கியது. மதகில் சூசை சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு எல்லாரும்.

"முதல் வியாபாரம் முடிஞ்சுது" என்றேன். "இனி வாறவை வரலாம். வெத்திலை வாடுது."

வந்தார்கள். சூசை என் முகத்தைப் பார்க்காமல், வழக்கத்தைவிடக் கூட வெற்றிலை வாங்கினான்.

அன்றிலிருந்து முழங்கால் விடும்வரை ஒவ்வொரு விடியலும் அதுதான் வேலை. மழையென்றால் குடையோடு சுற்றி வருவேன். காய்ச்சல் நாளில் வாங்குகிறவளுக்கும் காய்ச்சல், விற்கிறவளுக்கும் காய்ச்சல். பகிடி பழகிப்போய் ஒருவரும் சிரிக்காத காலமும் வந்தது. அப்போதும் செய்தேன். பீற்றர் ஒருதரம் மட்டும், "விசர்த்தனம் மச்சாள்" என்றான். பூட்டைப் பற்றிப் பிறகு அவன் பேசியதே இல்லை.

ஜெனி, உன் வான்காரன் நாளைக்கும் அப்படித்தான் கேட்பான். கோபித்து அனுப்பினால் உனக்குத்தான் பிஸ்கட் இல்லாமல் போகும். ஊர் மாறும்வரை கடையைச் சாத்தி வைக்கவும் முடியாது. உன்னைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்ல ஒருவரும் இல்லையென்றால், விடிய எழும்பி நீயே சொல்லு. வெட்கமாக இருக்கும். வெட்கம் வெயில் ஏறப் போய்விடும். தனிமை போகாது. அதற்கு என்னிடம் மருந்து இல்லை. இருந்திருந்தால் நானே குடித்திருப்பேன்.

பக்கத்து வளவுக்காரருக்கு நான் அப்படிச் சுற்றி வந்த முதல் நாளே சந்தேகம் வந்துவிட்டது. வேலிக்கு மேலால் இரண்டு தலை எட்டிப் பார்த்தது. "என்னக்கா, விடியக்காலமை தனிய நிண்டு கதைக்கிறியள்? எங்களுக்குப் பயமாக் கிடக்கு" என்றார்கள்.

"பயப்பிடாதேங்கோ" என்றேன். "கடைக்குப் புது முதலாளி ஒருத்தி வந்திருக்கிறா. எப்பிடி ஆள் எண்டு பாப்பம் எண்டு போனனான். பரவாயில்லை. கைம்பெண் எண்டு பாக்கிறேல்லை, விடிய முதல் ஆளாப் போய் நிண்டாலும் சாமான் தாறா."